பெயர் மறந்த படத்தை ஐஎம்டிபியில் தேடுவது: கொழும்புவாசிகளுக்கு ஒரு மதிப்பீடு

தொண்ணூறுகளில் தொலைக்காட்சியில் பார்த்த படம். பெயர் தெரியாது, நாடும் தெரியாது. ஒருவன் சைக்கிளை விட்டு இறங்காமல் வட்டமாகச் சுற்றிக்கொண்டே இருப்பான். சனம் நின்று வேடிக்கை பார்க்கும். கையில் இருப்பது இவ்வளவுதான்.

இதைக் கூகிளில் போட்டால் 1948இல் வந்த இத்தாலியப் படமான 'பைசிக்கிள் தீவ்ஸ்' முன்னால் வந்து நிற்கப் பார்க்கும். அதில் சைக்கிள் களவு போகிறது, யாரும் வட்டமடிப்பதில்லை. பொதுத் தேடல் எதுவானாலும் ஊரறிந்த படத்தைத்தான் முதலில் நீட்டும். பெயர் மறந்துபோன படமோ பெரும்பாலும் ஊரறியாத படம். அதனால் இந்த வேலைக்கு, உலகப் படங்களின் விவரங்களைத் தொகுத்து வைத்திருக்கும் ஐஎம்டிபி (IMDb) இணையதளத்தின் வழக்கமான தேடல் பெட்டியும் உதவாது. அது பெயர் தெரிந்தவர்களுக்கானது. உதவக்கூடியது அதே தளத்தில், விவரங்களை வைத்துப் படம் தேட இருக்கும் 'அட்வான்ஸ்ட் டைட்டில் சேர்ச்'. இலவசம்தான், கட்டணக் கணக்கு தேவையில்லை. கணினியில் திறப்பது நல்லது. கைபேசித் திரையில், ஆண்டு, நாடு, மொழி என்று பட்டியலைச் சுருக்கும் வடிகட்டிகளை ஒவ்வொன்றாகத் திறந்து மூடுவதற்குள் பொறுமை போய்விடும்.

கருவி நல்ல கருவி. ஐந்துக்கு நான்கு கொடுக்கலாம். ஆனால் அதைப் பாவிப்பவர்கள் பெரும்பாலும் ஒரே பிழையை விடுகிறார்கள்: நினைவில் இருப்பதையெல்லாம் ஒரே தடவையில் நிரப்புகிறார்கள். ஒரு வடிகட்டியைப் போட்டால், பொருந்தாத படங்களோடு சேர்ந்து அந்த விவரமே பதியப்படாத படங்களும் வெளியே போய்விடும். அதிகம் பேர் பார்க்காத படத்தின் பக்கத்தில் பாதி விவரம் வெறுமையாகவே கிடக்கும். நீங்கள் 90 நிமிடம் என்று போடுகிறீர்கள். தேடும் படத்துக்கு ஓடும் நேரமே பதியப்படவில்லை என்றால் அது பட்டியலில் வரவே வராது. மதிப்பெண் பெட்டியும் அப்படித்தான். ஐந்து பேராவது வாக்களிக்காத படத்துக்கு ஐஎம்டிபி மதிப்பெண் காட்டுவதில்லை. "நல்ல படம்தானே, ஏழுக்கு மேல் இருக்கும்" என்று அந்தப் பெட்டியைத் தொட்டால் கதை முடிந்தது. ஒரு தடவைக்கு இரண்டு அல்லது மூன்று வடிகட்டி போதும். பிறகு அவற்றை மாற்றி மாற்றிப் போடலாம்.

ஆண்டைப் போடும் முன் ஒரு விஷயம். பார்த்த ஆண்டு வேறு, படம் வந்த ஆண்டு வேறு. இங்கே ஐரிஎன் தொலைக்காட்சி 1979இல் தொடங்கியது, ரூபவாஹினி 1982இல். வெளிநாட்டுப் படம் வெளிவந்து பல வருடம் கழித்து இங்கே ஒளிபரப்பாவது புதுமையல்ல. ஆகவே பார்த்த ஆண்டை முடிவு ஆண்டாக வைத்து, அங்கிருந்து பதினைந்து இருபது வருடம் பின்னால் போங்கள். ஈரானியப் படங்களில் இன்னொரு சிக்கலும் உண்டு. அவர்களின் ஆண்டு மார்ச்சில் பிறப்பதால், ஒரே படம் ஓரிடத்தில் ஓராண்டாகவும் இன்னோரிடத்தில் அடுத்த ஆண்டாகவும் பதிவாகியிருக்கும். இரு பக்கமும் ஒரு வருடம் தாராளமாக விடுங்கள்.

"கறுப்பு வெள்ளைப் படம்" என்ற நினைவையும் அப்படியே நம்ப வேண்டாம். ரூபவாஹினி கலரில் ஒளிபரப்பியபோதும் வீட்டில் இருந்தது கறுப்பு வெள்ளைப் பெட்டியாக இருந்திருக்கலாம். அதில் எல்லாப் படமும் கறுப்பு வெள்ளைதான். "நடுவில் இடைவேளை வந்தது" என்பதும் அதே வகை. விசிடியில் (வீடியோ சிடி) ஒரு தட்டுக்கு 74 முதல் 80 நிமிடம்தான் பிடிக்கும். முழுநீளப் படம் இரண்டு தட்டில் வரும். இடைவேளை என்று நினைவில் நிற்பது தட்டு மாற்ற எழுந்த நேரமாக இருக்கலாம். மொழி இன்னும் மோசம். காதில் விழுந்தது ஆங்கிலம் என்றால் படம் ஆங்கிலப் படம் என்று அர்த்தமில்லை, குரல் மாற்றப்பட்ட ஹொங்கொங் படமாகவோ இத்தாலியப் படமாகவோ இருக்கலாம். மொழிப் பெட்டியைக் கடைசியாகத் தொடுங்கள்.

மிகவும் பலன் தரும் வடிகட்டி நாடு. முகம், உடை, கடைப் பலகையில் இருந்த எழுத்து, வாகனத்தின் ஸ்டியரிங் எந்தப் பக்கம் என்பதையெல்லாம் வைத்து ஊகிக்கலாம். ஆனால் இங்கே ஒரு பொறி இருக்கிறது. இன்று இல்லாத நாடுகள் ஐஎம்டிபியில் தனித்தனியாகவே இருக்கின்றன: சோவியத் யூனியன், கிழக்கு ஜெர்மனி, செக்கோஸ்லோவாக்கியா, யூகோஸ்லாவியா. 1975இல் வந்த ஒரு சிறுவர் படத்தை 'ரஷ்யா' என்று போட்டுத் தேடினால் பட்டியலில் சிக்காமல் போகலாம். 1990க்கு முந்திய, அந்த நாடுகளின் படம் என்றால் பழைய பெயரில்தான் தொடங்க வேண்டும். சிறுவர் படம், அரக்கன், இளவரசி என்று நினைவிருந்தால் கிழக்கு ஜெர்மனியையும் செக்கோஸ்லோவாக்கியாவையும் முதலில் பாருங்கள். தேவதைக் கதைகளைப் படமாக எடுத்துத் தள்ளியவர்கள் அவர்கள்.

படைப்பின் வகையைக் கேட்கும் 'டைட்டில் டைப்' பகுதியில் 'மூவி' மட்டும் போட்டுவிட்டு இருக்காதீர்கள். தொலைக்காட்சிக்கென்று எடுத்த படமும் குறுந்தொடரும் குறும்படமும் தனித்தனி வகைகள். நினைவில் "படம்" என்று இருப்பது மூன்று வாரம் ஓடிய குறுந்தொடராக இருக்கலாம்.

படத்தில் வரும் விஷயங்களைக் குறிச்சொற்களால் தேடும் கீவேர்ட் பகுதிக்கு மட்டும் ஐந்துக்கு இரண்டுதான். அந்தச் சொற்களைச் சேர்ப்பவர்கள் பாவனையாளர்கள். பிரபலமான படத்துக்கு நூற்றுக்கணக்கில் இருக்கும், தெரியாத படத்துக்கு நாலைந்து இருந்தால் அதிர்ஷ்டம். 'பைசிக்கிள்' என்று ஒருவர் போட்டிருப்பார், 'பைக்' என்று இன்னொருவர், 'சைக்கிளிஸ்ட்' என்று வேறொருவர். ஒவ்வொன்றையும் தனியாகப் போட்டுப் பார்க்க வேண்டும், அதுவும் ஆங்கிலத்தில். அதே சொற்களைக் 'கதைச் சுருக்கம்' பெட்டியிலும் ஒரு சுற்றுப் போடுங்கள், சில வேளை கீவேர்டில் இல்லாதது அங்கே மாட்டும். முடிவுப் பட்டியல் பிரபலம் வாரியாக வரும் என்பதால் தேடும் படம் அடியில் கிடக்கும். வாக்கு எண்ணிக்கைக்கான 'வோட்ஸ்' பெட்டியில் மேல் எல்லையாக 5000 என்று போட்டால் பெரிய படங்கள் விலகி வழி விடும்.

சைக்கிள் படத்துக்கு வருவோம். நாடு ஈரான், ஆண்டு 1980 முதல் 1995 வரை, சொல் 'பைசிக்கிள்' அல்லது 'சைக்கிளிஸ்ட்'. இந்த மூன்று மட்டும். பட்டியல் கண்ணால் பார்த்து முடிக்கிற அளவுக்குச் சுருங்கும். அதில் மோசன் மக்மல்பாஃப் இயக்கிய 'த சைக்கிளிஸ்ட்' நிற்கும்: மனைவியின் வைத்தியச் செலவுக்காக ஏழு நாள் இறங்காமல் சைக்கிள் ஓட்ட ஒப்புக்கொள்ளும் ஆப்கான் அகதி. ஈரான் என்ற ஊகம் வராமல் சைக்கிளை மட்டும் பிடித்துக்கொண்டிருந்தால் 'பெய்ஜிங் பைசிக்கிள்', வியட்நாமின் 'சைக்ளோ' என்று அலைந்திருக்க வேண்டும்.

படம் கிடைத்ததும் அதன் பக்கத்தில் படத்தின் மற்றப் பெயர்களைக் காட்டும் 'ஓல்சோ நோன் ஆஸ்' பகுதியைத் திறந்து பெயர்கள் எல்லாவற்றையும் எழுதி வையுங்கள். ஒரே பாரசீகப் பெயர் ஆங்கில எழுத்தில் மூன்று விதமாக இருக்கும். பார்ப்பதற்குப் படத்தின் கொப்பி தேடும்போது எது கைகொடுக்கும் என்று சொல்ல முடியாது.

லெட்டர்பாக்ஸ்ட் (Letterboxd) என்ற திரைப்படத் தளத்தை இரண்டாவது கருவியாக வைத்துக்கொள்ளலாம். நாட்டையும் பத்தாண்டையும் தெரிவு செய்தால் போஸ்டர்கள் வரிசையாக வரும். முகம் மட்டும் நினைவில் இருப்பவர்களுக்கு அது ஐஎம்டிபியை விட வசதி. செயற்கை நுண்ணறிவு அரட்டைகளிடம் கேட்கலாம், ஆனால் இல்லாத படத்துக்கும் இயக்குநர் பெயரோடு பதில் வரும். அங்கிருந்து வரும் பெயரை ஐஎம்டிபியில் சரிபார்க்காமல் நம்பக்கூடாது.

இணையம் கைவிட்டால் கொழும்பு 7 இருக்கிறது. பார்த்த மாதமும் கிழமையும் ஓரளவு நினைவிருந்தால், தேசிய சுவடிகள் திணைக்களத்தில் பழைய நாளிதழ்களின் தொலைக்காட்சி நிகழ்ச்சி நிரலைப் புரட்டலாம். படத்தின் பெயர் இல்லாமல் 'ஆங்கிலப் படம்' என்று மட்டும் இருந்தாலும் திகதி உறுதியாகும். ஆண்டு வடிகட்டி இறுகும். தொலைக்காட்சியில் இல்லாமல் மண்டபத்தில் பார்த்த படம் என்றால் எங்கே என்று யோசியுங்கள். பார்ன்ஸ் பிளேசில் உள்ள பிரெஞ்சு மொழி, கலாசார நிலையமான அலியான்ஸ் பிரான்செஸ் என்றால் நாடு பிரான்ஸ், பழைய சோவியத் கலாசார நிலையம் என்றால் சோவியத் யூனியன் என்று தொடங்கலாம். பாதி வேலை அங்கேயே முடிந்துவிடும்.

இனி கொப்பி. சோவியத் படம் என்றால் மொஸ்ஃபில்ம் நிறுவனத்தின் யூடியூப் அலைவரிசையை முதலில் பாருங்கள். பழைய கொரியப் படங்களை கொரியத் திரைப்பட ஆவணக் காப்பகம் ஆங்கில உபதலைப்போடு யூடியூபில் இலவசமாகவே வைத்திருக்கிறது. இவை இரண்டிலும் இல்லாவிட்டால்தான் டிவிடி. டிவிடிகள் உலகை வலயங்களாகப் பிரித்து விற்கப்படுபவை, ஒரு வலயத்தின் தட்டு இன்னொரு வலயத்துக் கருவியில் ஓடாமல் போகலாம். இலங்கை ஐந்தாம் வலயம். அமெரிக்கத் தட்டு முதலாம் வலயம், பிரித்தானியத் தட்டு இரண்டாம் வலயம். கணினி டிரைவில் வலயத்தை ஐந்து தடவை மட்டுமே மாற்றலாம், ஐந்தாவதோடு அது அப்படியே பூட்டிக்கொள்ளும். வெளிநாட்டிலிருந்து உறவினர் மூலம் எடுப்பிப்பதானால் எந்த வலயத்துக்கும் பூட்டப்படாத 'வலயம் 0' என்று போட்டிருக்கும் தட்டாகப் பார்த்து எடுப்பியுங்கள்.

ஐஎம்டிபியில் 100 நிமிடம் என்றிருக்கும் படம் கையில் வந்த தட்டில் 96 நிமிடம் ஓடினால் வெட்டிவிட்டார்கள் என்று பதற வேண்டாம். பால் (PAL) என்ற தொலைக்காட்சி முறையில், விநாடிக்கு 24 சட்டகம் (ஃபிரேம்) ஓடும் படத்தை 25ஆக ஓட்டுவார்கள், அதனால் நான்கு சதவீதம் குறையும். தனியாக இறக்கிய உபதலைப்புக் கோப்பு அங்கேதான் காலை வாரும். தொடக்கத்தில் சரியாக இருக்கும், ஒரு மணி நேரத்தில் ஏறத்தாழ இரண்டரை நிமிடம் விலகிவிடும். விஎல்சி (VLC) என்ற வீடியோ மென்பொருளில் உபதலைப்பின் நேரத்தை மட்டும் முன்பின் தள்ளினால் அந்த இடத்துக்குச் சரியாகும், பத்து நிமிடத்தில் மறுபடி விலகும். சப்டைட்டில் எடிட் என்ற இலவச மென்பொருளில் கோப்பைத் திறந்து, சட்டக வேகத்தை 23.976இலிருந்து (24 என்று சொல்வதன் துல்லியமான எண்) 25க்கு மாற்றிச் சேமித்தால் கடைசி வசனம் வரை வாயோடு பொருந்தும்.