அரவிந்த் கண் மருத்துவமனை, மதுரை: ஏழை என்று நிரூபிக்கச் சொல்லாத இடம்

நான் ஒரு தனியார் மருத்துவமனையின் நிர்வாகப் பிரிவில் இருக்கிறேன். அதனால் அத்தையின் கண்புரை ஆபரேஷனுக்காக மதுரை அரவிந்துக்குப் போனபோது, டாக்டரைவிடக் கவுண்ட்டரைத்தான் அதிகம் கவனித்தேன். ஆபரேஷன் நன்றாக முடிந்தது, அத்தை மறுபடி பேப்பர் படிக்கிறார். அதற்கு ஐந்துக்கு ஐந்து.

நான் எழுத வந்தது அவர்கள் விலை வைக்கும் முறையைப் பற்றி. கட்டணப் பிரிவும் உண்டு, இலவசப் பிரிவும் உண்டு. எதில் சேர்வது என்பதை நோயாளியே தீர்மானிக்கலாம். ஏழை என்று நிரூபிக்கச் சொல்வதில்லை. டாக்டர்கள் இரண்டு பக்கமும் மாறி மாறி வேலை பார்க்கிறார்கள்.

எங்கள் இடத்தில் சலுகை கேட்டால் தாசில்தார் கொடுத்த வருமானச் சான்று வேண்டும், அப்புறம் கமிட்டி. டயாலிசிஸுக்கு வந்த ஒரு தறிக்காரர் படிவத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, மடித்து மேசையிலேயே வைத்துவிட்டுப் போய்விட்டார். எங்கள் கமிட்டிக்கு உள்ள ஒரே பயம், வசதியுள்ளவர் யாராவது ஏமாற்றிவிடுவாரோ என்பது. கூசித் திரும்பிப் போகிறவர் எந்தக் கணக்கிலும் வருவதில்லை.

மருத்துவமனை நிர்வாகம் படித்தபோது பெந்தாம், கான்ட், ரால்ஸ் என்ற மூன்று தத்துவவாதிகளையும் பரீட்சைக்காக உருப்போட்டோம். அரவிந்தில் அவர்கள் நடமாடுகிறார்கள். ஒருவருக்கு ஆபரேஷன் நடக்கும்போதே அடுத்தவர் பக்கத்து மேசையில் தயாராக இருப்பார். குறைந்த நேரத்தில் அதிகம் பேருக்குப் பார்வை, இது பெந்தாம் கணக்கு. காசு கட்டுகிறவருக்குத் தனி அறை கிடைக்கிறது, அதில் மிஞ்சுவது இலவசப் பிரிவை ஓட்டுகிறது. கடைக்கோடியில் இருப்பவருக்கு லாபம் என்றால் ஏற்றத்தாழ்வு இருந்துவிட்டுப் போகட்டும் என்பது ரால்ஸ்.

மனிதருக்கு விலை கிடையாது, எல்லோருக்கும் ஒரே மதிப்புதான் என்ற கான்ட்தான் கொஞ்சம் முரண்டு பிடிப்பார். கட்டணப் பிரிவில் பெரும்பாலும் ஃபேகோ, அதாவது அல்ட்ராசவுண்ட் கருவியால் புரையை உடைத்து உறிஞ்சி எடுக்கும் முறை, கீறல் 3 மில்லிமீட்டருக்கும் குறைவு. இலவசப் பிரிவில் பெரும்பாலும் கையாலேயே செய்யும், தையல் தேவைப்படாத முறை, கீறல் 6 மில்லிமீட்டர் அளவுக்குப் போகும். இதற்குச் செலவு குறைவு, நன்றாக முற்றிய புரைக்குத் தோதானதும்கூட. கண்ணாடி இல்லாமல் பார்ப்பதில் ஃபேகோவுக்குக் கை சற்று ஓங்கும், கண்ணாடி போட்டுவிட்டால் பெரிய வித்தியாசம் இல்லை. காசுக்கேற்ற கீறலா? நோயாளிக்கு வித்தியாசத்தை விளக்கிச் சொல்கிற வரைக்கும் எனக்கு இது ஏற்புதான். தனி அறையும் பொது வார்டும் வேறாக இருப்பதில் எனக்கு உறுத்தலே இல்லை.

டாக்டர் ஜி. வெங்கடசாமி அரசுப் பணியில் ஓய்வு பெற்று, 1976இல் 11 படுக்கைகளோடு ஆரம்பித்தது இது. அவர்கள் எடுத்த முடிவுகளில் எனக்கு ரொம்பப் பிடித்தது லென்ஸ் விஷயம். கண்ணுக்குள் வைக்கும் லென்ஸ் அப்போது இறக்குமதிச் சரக்கு, யானை விலை. இலவச நோயாளிக்குச் சோடாபுட்டிக் கண்ணாடிதான். யாருக்கு லென்ஸ், யாருக்குக் கண்ணாடி என்று தரம் பிரிக்க எங்களைப் போல ஒரு கமிட்டி போட்டிருக்கலாம். அதற்குப் பதில் 1992இல் ஆரோலேப் தொடங்கி லென்ஸைத் தாங்களே செய்து, விலையைப் பத்து டாலர் அளவுக்கு இறக்கினார்கள். அந்தத் தராதரக் கேள்வியே அடிபட்டுப் போனது.

இதை அப்படியே எல்லா இடத்திலும் செய்ய முடியாது, சரி. புரை ஒருமுறை ஆபரேஷனோடு போய்விடும். டயாலிசிஸ் வாரத்துக்கு மூன்று முறை, வருஷக்கணக்கில். கவுண்ட்டரை முழுக்கத் திறந்து வைத்தால் எங்கள் நிதி சீக்கிரமே காலியாகும். ஆனாலும் தாசில்தார் சான்றை எடுத்துவிட்டு, நோயாளி தாமே எழுதிக் கொடுப்பதை ஏற்கலாம் என்று கமிட்டிக்கு எழுதியிருக்கிறேன். கணக்குப் பிரிவு இன்னும் வாய் திறக்கவில்லை.