பழைய பேட்டரிக்குப் பவுடர் போட வருகிறார்கள்: வேலூர், காட்பாடி, குடியாத்தம் பக்கம் கவனம்

வெயில் ஏறினால் இவர்கள் கிளம்பிவிடுகிறார்கள். இன்வெர்ட்டர் பேக்கப் நிற்கவில்லையா, புது பேட்டரி வேண்டாம், ஒரு பாக்கெட் பவுடரில் இன்னும் மூன்று வருடம் ஓடும் என்று வாசலில் வந்து சொல்வார்கள். பேட்டரியின் மேல் இருக்கும் தண்ணீர் ஊற்றும் மூடியை, அதாவது வென்ட் பிளக்கை, தொட விடாதீர்கள்.

குடியாத்தத்தில் ஒரு தையல் கடை. 150 ஆம்பியர் ஹவர் டியூபுலர் பேட்டரி, கம்பெனி வாரண்டி இன்னும் முடியவில்லை. வந்தவர் செல்லுக்குக் கொஞ்சம் ஆசிட்டை உறிஞ்சி எடுத்துவிட்டு, வெள்ளைப் பவுடர் கரைத்த தண்ணீரை ஊற்றி, ராத்திரி முழுக்க சார்ஜ் போடச் சொன்னார். காலையில் சார்ஜரைக் கழற்றின கையோடு மீட்டரில் 12.9 வோல்ட் காட்டினார். ஹைட்ரோமீட்டரில் (திரவத்தை உறிஞ்சி மிதவை வைத்துப் பார்க்கும் கருவி) ஆறு செல்லும் 1.240. 1,800 ரூபாய் வாங்கிக்கொண்டு போனார். அடுத்த முறை கரண்ட் போனபோது ஒரு ஃபேன், இரண்டு லைட்டுக்கு அரை மணி நேரம்கூடத் தாங்கவில்லை. அவர் கொடுத்த நம்பர் சுவிட்ச் ஆஃப். உள்ளே வேறு பொருள் போட்டதால் வாரண்டியும் போயிற்று.

அந்த இரண்டு அளவுமே ஏமாற்று. சார்ஜ் முடிந்த உடனே எந்தப் பேட்டரியும் அதிக வோல்ட் காட்டும். அது மேலோட்டமான சார்ஜ். பன்னிரண்டு மணி நேரம் சும்மா விட்டுத்தான் பார்க்க வேண்டும். ஹைட்ரோமீட்டர் விஷயம் அதைவிட மோசம். அது ஆசிட்டை அளப்பதில்லை, திரவத்தின் அடர்த்தியை அளக்கிறது. அந்த எண்ணைத்தான் கிராவிட்டி என்பார்கள். மெக்னீசியம் சல்பேட், சோடியம் சல்பேட் மாதிரி எந்த உப்பைக் கரைத்தாலும் மிதவை மேலே வரும். ஆசிட் ஒரு சொட்டுகூட ஏறியிருக்காது. கண்டுபிடிக்க ஒரு கணக்கு இருக்கிறது: கிராவிட்டியோடு 0.84 கூட்டினால் ஒரு செல்லின் வோல்ட். 1.240 என்றால் 2.08, ஆறு செல்லுக்குச் சுமார் 12.5 வர வேண்டும். இந்தப் பேட்டரி ஓய்வுக்குப் பிறகு காட்டியது 12.1. உள்ளே உப்பு கிடக்கிறது என்பதற்கு இது போதும். உப்பு கலந்த பேட்டரியில் அப்புறம் ஹைட்ரோமீட்டரை நம்பவே முடியாது.

இது இன்றைக்கு வந்த வியாபாரமும் அல்ல. இதே இரண்டு சல்பேட்டும் கலந்த ஏடி-எக்ஸ்2 என்ற பவுடரால் பயனில்லை என்று அமெரிக்க அரசின் அளவைக் கழகம் சொன்னதற்காக, 1953-இல் அதன் இயக்குநர் ஆலன் ஆஸ்டினைப் பதவியை விட்டு இறங்கச் சொன்னார்கள். விஞ்ஞானிகள் கொதித்தெழுந்த பிறகு அவர் பதவியில் நீடித்தார். அந்நாட்டு அறிவியல் அகாதெமியின் குழுவும் அவர் பக்கமே நின்றது.

பவுடருக்குப் பதில் இடிடிஏ என்ற ரசாயனத் திரவம் கொண்டுவருபவர்களும் உண்டு. பேட்டரியின் உள்ளே இருக்கும் ஈயப் பிளேட்டில் படிந்து அதைக் கெடுக்கும் ஈய சல்பேட்டை அது கரைக்கும் என்பது உண்மைதான். ஆனால் கரைந்து போவது பிளேட்டில் இருக்க வேண்டிய ஈயம். மேலும், நம் ஊர் பேட்டரி இந்தச் சல்பேட் படிவால் மட்டும் சாவதில்லை. வேலூர் வெயில் 40 டிகிரியைத் தாண்டும். வெப்பம் பத்து டிகிரி கூடினால் ஆயுள் ஏறக்குறைய பாதி. பாசிட்டிவ் பிளேட்டின் உள்கம்பி அரித்துப் போகும், பிளேட்டில் இருக்கும் சரக்கு உதிர்ந்து அடியில் சேறாகத் தங்கும், ஒரு செல் ஷார்ட் ஆகும். அரித்துப் போன கம்பியை எந்தப் பவுடரும் ஒட்ட வைக்காது.

நிஜமாகவே சல்பேட் பிடித்த பேட்டரி என்றால், செலவில்லாத வழி நீண்ட, மெதுவான சார்ஜ். இன்வெர்ட்டரிலிருந்து கழற்றி, டிஸ்டில்ட் வாட்டர் மட்டும் விட்டு (பாலாற்றுப் படுகை போர் தண்ணீர் கூடவே கூடாது, ஆர்ஓ தண்ணீரும் வேண்டாம்), காற்றோட்டமான இடத்தில், நெருப்பு இல்லாமல், 150 ஆம்பியர் ஹவருக்கு 5 முதல் 7 ஆம்பியரில் 24 முதல் 36 மணி நேரம். மணிக்கொரு முறை கிராவிட்டி பாருங்கள். மூன்று முறை ஏறாமல் நின்றால் நிறுத்தலாம். பேட்டரி 50 டிகிரியைத் தொட்டால் உடனே நிறுத்தி ஆறவிடுங்கள். கிராவிட்டி குறைவு என்று ஆசிட் ஊற்றவே ஊற்றாதீர்கள். குறைந்த ஆசிட் பிளேட்டில் சல்பேட்டாக உட்கார்ந்திருக்கிறது, கூட ஊற்றினால் அரிப்புதான் கூடும். ஐந்து செல் ஏறி ஒன்று மட்டும் 1.120-இலேயே நின்றால் அந்தப் பேட்டரி முடிந்தது.

யார் என்ன சொன்னாலும் லோடு வைத்துப் பார்க்காமல் காசு கொடுக்காதீர்கள். 12 வோல்ட் 55 வாட் ஹெட்லைட் பல்பு இரண்டை இணையாகப் போட்டால் சுமார் 9 ஆம்பியர் இழுக்கும். நல்ல 150 ஆம்பியர் ஹவர் பேட்டரி 10.5 வோல்ட்டுக்கு இறங்கப் பதினைந்து மணி நேரத்துக்குப் பக்கத்தில் ஆகும். 10.5 வந்ததும் பல்பைக் கழற்றி உடனே சார்ஜ் போடுங்கள். பவுடருக்கு முன்னும் பின்னும் இதே சோதனையை வைக்கலாம் என்று சொல்லிப் பாருங்கள், அந்த ஆள் நிற்க மாட்டார்.

ஏற்கெனவே போட்டாகிவிட்டது என்றால் ஆசிட்டைச் சாக்கடையில் கொட்ட வேண்டாம். பேட்டரியை அப்படியே டீலரிடம் எக்ஸ்சேஞ்சுக்குக் கொடுங்கள். பழைய பேட்டரிக்கு விலை உள்ளே இருக்கும் ஈயத்தை வைத்துத்தான். பவுடர் கலந்திருக்கிறது என்று சொல்லி அடிமாட்டு விலைக்குக் கேட்டால் வேறு கடை பாருங்கள்.