லைசென்ஸ் வேண்டாத 4.5 மி.மீ. ஏர் ரைஃபிள்: வாங்கலாமா, எதைப் பார்த்து வாங்குவது?

பேரலை மடக்கி ஸ்பிரிங்கை ஏற்றும் 4.5 மி.மீ. ஏர் ரைஃபிள்தான் இந்தியாவில் சாதாரணக் குடிமகன் ஆயுத லைசென்ஸ் இல்லாமல் வாங்கக்கூடிய துப்பாக்கிகளில் எளிதாகக் கிடைப்பது. ஜெர்மனியின் பழைய டயானா 35 என்ற ஏர் ரைஃபிளின் சாயலில் இங்கே பல பட்டறைகளில் செய்கிறார்கள். 10 மீட்டரில் காகித இலக்கைச் சுட்டுப் பழக நல்ல கருவி. டிரிகர் சுமார், மரவேலை சுமார், பேரல் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். ஆனால் பெட்டியில் கொட்டை எழுத்தில் போட்டிருக்கும் வேகத்தை நம்பி வாங்குபவர்கள்தான் அதிகம் ஏமாறுகிறார்கள். சட்டம் பார்ப்பதும் அந்த வேகத்தை அல்ல.

2016ஆம் ஆண்டு ஆயுத விதிகளின்படி, உள்விட்டம் 0.177 அங்குலத்துக்கு, அதாவது 4.5 மி.மீ.க்கு மேல் போனாலோ, பேரலை விட்டு வெளியேறும் குண்டின் ஆற்றல் 20 ஜூலைத் தாண்டினாலோ லைசென்ஸ் வேண்டும். இரண்டில் ஒன்று மீறினாலும் போதும். இதனால் 10 ஜூல் மட்டுமே தரும் 5.5 மி.மீ. துப்பாக்கிக்கு லைசென்ஸ் தேவை. 19 ஜூல் தரும் 4.5 மி.மீ. துப்பாக்கிக்குத் தேவையில்லை. இது சரியான கோடு அல்ல என்பது எங்கள் உறுதியான கருத்து. ஆளையோ பறவையோ காயப்படுத்துவது குண்டின் ஆற்றல். விட்டத்தைத் தனியாக எடுத்துக்கொண்டு அளப்பதில் பொருளில்லை.

ஆற்றலைக் கணக்கிடுவது எளிது. பெல்லட்டின், அதாவது ஏர் ரைஃபிளில் போடும் சிறு குண்டின், எடையைக் கிலோகிராமில் எடுத்து, விநாடிக்கு எத்தனை மீட்டர் என்ற வேகத்தின் வர்க்கத்தால் பெருக்கி, பாதியாக்க வேண்டும். 0.5 கிராம் பெல்லட் 200 மீட்டர் வேகத்தில் போனால் 10 ஜூல். அதே பெல்லட் 283 மீட்டரைத் தொட்டால் 20 ஜூல். நல்ல நிலையிலுள்ள டயானா வகைத் துப்பாக்கி 180 முதல் 200 மீட்டர் வேகம் தரும். அதாவது 8 முதல் 10 ஜூல். சட்ட வரம்பில் பாதி.

பெட்டியில் '1000 அடி வேகம்' என்று எழுதியிருந்தால், அது பெரும்பாலும் ஈயம் கலக்காத, எடை குறைந்த பெல்லட்டை வைத்து அளந்ததாக இருக்கும். 1000 அடி என்பது 305 மீட்டர். 0.35 கிராம் பெல்லட் அந்த வேகத்தில் போனால் 16 ஜூல்தான் வரும். ஒலியின் வேகத்தை நெருங்கும்போது பெல்லட் நிலை தடுமாறும், குறி சிதறும். வேகத்தைக் காட்டி விற்கப்படும் துப்பாக்கியில் நீங்கள் வாங்குவது சத்தமும் கைவலியும்தான்.

கடையில் பார்க்க வேண்டியதைச் சொல்கிறோம். பேரலை மூடிய பிறகு அதன் நுனியைப் பிடித்து இடமும் வலமும் அசைத்துப் பாருங்கள். துளியும் ஆடக்கூடாது. ஆடினால் மடக்கும் இடத்திலுள்ள போல்ட் தளர்ந்திருக்கிறது, அல்லது துளையே பெரிதாகிவிட்டது. போல்ட்டை இறுக்கினால் முதலாவது சரியாகும். இரண்டாவது சரியாகாது, வேறு துப்பாக்கி கேளுங்கள். அடுத்து, பேரலில் பெல்லட் வைக்கும் பின்வாயைச் சுற்றியுள்ள சீல் (காற்று கசியாமல் அடைக்கும் வளையம்) வெட்டுப்படாமல், விளிம்புக்கு மேல் சற்றே எழும்பி நிற்கிறதா என்று பாருங்கள். சுட்டுப் பார்க்க விட்டால், மூட்டின் மேல் ஒரு மெல்லிய டிஷ்யூ காகிதத் துண்டை வைத்துச் சுடச் சொல்லுங்கள். காகிதம் பறந்தால் காற்று கசிகிறது. பில்லில் உள்விட்டமும், ஆற்றல் 20 ஜூலுக்குக் குறைவு என்பதும், வரிசை எண்ணும் எழுதி வாங்க வேண்டும். துப்பாக்கியை வெளியே எடுத்துப் போகும்போது அந்த பில்லின் நகல் உறையிலேயே இருக்கட்டும். வழியில் போலீஸ் நிறுத்திக் கேட்டால் காட்டுவதற்கு அதுதான் கையில் இருக்கும்.

வீட்டுக்கு வந்ததும் உடனே சுடாதீர்கள். துருப்பிடிக்காமலிருக்கத் தொழிற்சாலையில் பூசிய கிரீஸ் பேரலுக்குள் இருக்கும். பின்வாய்ப் பக்கமிருந்து துணித்துண்டை இழுத்து, கறை வராத வரை துடைக்க வேண்டும். துடைக்காமல் சுட்டால் அந்த எண்ணெய் பிஸ்டன் அழுத்தும் சூட்டில் பற்றி எரியும். புகை, கருகல் நாற்றம், பட்டாசு போல ஒரு வெடிச்சத்தம். டீசல் எஞ்சினுக்குள் நடப்பதேதான் இது. பலர் இதைத் துப்பாக்கியின் 'பவர்' என்று நினைத்து மகிழ்ந்து, இன்னும் இரண்டு சொட்டு எண்ணெய் விடுகிறார்கள். பிஸ்டன் சீல் கருகும், ஸ்பிரிங் உடையும், ஆற்றலும் கணக்கில்லாமல் ஏறும். தோல் வாஷர் உள்ள பழைய வகைக்கு மட்டும், தோல் காயாமலிருக்க எப்போதாவது ஓரிரு சொட்டு வேண்டும். விட்டபின் துப்பாக்கியை ஓர் இரவு நிமிர்த்தி வைக்க வேண்டும். செயற்கை சீல் உள்ளவற்றுக்கு எண்ணெய் வேண்டவே வேண்டாம்.

முதல் சில நூறு சுடுதல்களில் குறி அலையும். சீல் படிந்து ஸ்பிரிங் நிலைப்பட்ட பிறகே துப்பாக்கியின் தரத்தைத் தீர்மானியுங்கள். பெல்லட் இல்லாமல் ஒருபோதும் டிரிகரை அழுத்தக் கூடாது. முன்னால் காற்றுக்குத் தடையில்லாவிட்டால் பிஸ்டன் உருளையின் முனையில் நேராக மோதும்.

விரல் போகிற ஆபத்து ஒன்று இருக்கிறது. ஸ்பிரிங்கை ஏற்றி, பெல்லட் வைக்கும்போது பேரலை ஒரு கையால் கெட்டியாகப் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும். உள்ளே கொக்கி நழுவினால் பேரல் அறைந்து மூடும். பின்வாயில் விரல் இருந்தால் துண்டாகும். கடையிலேயே இப்படிப் பிடிக்கக் கற்றுக்கொடுக்காமல் விற்பது பெரிய குறை.

குறியைப் பற்றி. ஸ்பிரிங் துப்பாக்கி முதலில் பின்னே உதைத்து, பிஸ்டன் மோதியதும் முன்னே இழுக்கும். பெல்லட் பேரலுக்குள் இருக்கும்போதே இது நடப்பதால், இறுகப் பிடித்தால் குறி தவறும். முன்கட்டையை உள்ளங்கையில், ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில், பிடிக்காமல் தாங்க மட்டும் செய்யுங்கள். இந்த இரட்டை உதை சாதாரண ஸ்கோப்பை (குறிபார்க்கும் தொலைநோக்கியை) உடைத்துவிடும். ஏர் ரைஃபிளுக்கென்று செய்த ஸ்கோப்பும், துப்பாக்கியின் மேலுள்ள 11 மி.மீ. தண்டவாளத்தில் பொருந்தி ஸ்கோப்பைப் பிடித்துவைக்கும் ஒற்றைத்துண்டு மவுன்ட்டும், அது பின்னே நகராமல் தடுக்கும் முளையும் வேண்டும். முளை இல்லாத மாடல்களில் மவுன்ட் மெல்ல மெல்லப் பின்னே வரும். குறி ஏன் மாறுகிறதென்று புரியாமல் பெல்லட்டைக் குறை சொல்வார்கள். புதிதாகப் பழகுபவருக்கு, ஸ்கோப் இல்லாமல் துப்பாக்கியிலேயே இருக்கும் இரும்புக் குறிகாட்டியே போதும்.

பெல்லட்டில் சிக்கனம் வேண்டாம். காகித இலக்குக்கு 0.5 கிராமை ஒட்டிய தட்டைத்தலை ஈயப் பெல்லட். நான்கைந்து வகையில் சிறு டப்பா வாங்கி, மணல் பை மேல் வைத்து ஐந்தைந்தாகச் சுட்டு, எது நெருக்கமாக விழுகிறதோ அதையே தொடருங்கள். 10 மீட்டரில் ஐந்தும் 15 மி.மீ. வட்டத்துக்குள் விழுந்தால் இந்த விலைத் துப்பாக்கிக்கு அது நல்ல முடிவு. இரும்பு உருண்டைகளைப் போடாதீர்கள். பேரலின் உட்சுருள் தேயும், உருண்டை தெறித்துத் திரும்பி வரும். ஈயத்தைத் தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத்தான் சாப்பிட வேண்டும்.

குண்டைத் தாங்க மெல்லிய பிளைவுட் போதாது. பெட்டிக்குள் 45 பாகை சாய்த்த இரும்புத் தகடோ, கெட்டியான களிமண் நிரப்பிய பெட்டியோ வைத்து, அதன் பின்னே சுவர் இருக்க வேண்டும். மேல்நோக்கிச் சுட்ட பெல்லட் 300 மீட்டருக்கு மேலும் போய் விழக்கூடும். மொட்டைமாடியில் சுடுவது ஆகாது. லைசென்ஸ் வேண்டாம் என்பதால் பொறுப்பும் இல்லையென்று ஆகாது. கவனக்குறைவால் காயப்படுத்தினால் பாரதிய நியாய சன்ஹிதா 125ஆம் பிரிவும், உயிர் போனால் 106ஆம் பிரிவும் பாயும்.

பறவைகளை இங்கே தனியாகச் சொல்ல வேண்டும். 'ஏர்கன்தானே' என்று கௌதாரியையும் மடையானையும் சுடுவது 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி வேட்டைதான், துப்பாக்கியும் பறிபோகும். அருணாசலப் பிரதேசத்தில் 2021இல் ஏர்கன்களை ஒப்படைக்கும் இயக்கத்தை அரசு தொடங்கியது, காட்டில் பறவைகள் சுடப்பட்டு அருகிவந்ததால்தான். கடைக்காரரிடம் 'புறா விழுமா' என்று கேட்பவருக்கு விற்காமலிருப்பதே முறை.

20 ஜூல் என்ற வரம்பே எங்கள் பார்வையில் தாராளம். ஒலிம்பிக் 10 மீட்டர் போட்டித் துப்பாக்கிகள் 7.5 ஜூல் அளவில்தான் இயங்குகின்றன. 2008இல் பெய்ஜிங்கில் அபினவ் பிந்த்ரா தங்கம் வென்றதும், கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் 2019இல் ரியோ உலகக் கோப்பையில் தங்கம் வென்றதும் இந்த வகைப் போட்டியில்தான். ஜெர்மனியில் உரிமமின்றி விற்கும் வரம்பும் 7.5 ஜூலே. இங்கிலாந்தில் ரைஃபிளுக்கு 12 அடி-பவுண்டு, அதாவது சுமார் 16 ஜூல். 2005இல் கிளாஸ்கோவில் இரண்டு வயதுக் குழந்தை ஏர்கன் குண்டுபட்டு இறந்தது. அதன்பின் எழுந்த கோரிக்கை நீண்டு, ஸ்காட்லாந்தில் 2016 டிசம்பர் 31 முதல் சாதாரண ஏர்கனுக்கும் சான்றிதழ் கட்டாயமானது. இந்தியாவில் விட்டக் கட்டுப்பாட்டை நீக்கி, 12 ஜூல் வரை தடையின்றி விற்று, அதற்கு மேல் 20 வரை பெயர் பதிவும் பாதுகாப்புப் பயிற்சியும் கேட்டால் விளையாட்டுக்கு ஒரு நஷ்டமும் இல்லை.

இந்த வரம்பு நிஜமாகவே சோதிக்கப்படுவது ஸ்பிரிங் வகையில் அல்ல, 200 பார் அழுத்தம் வரை முன்பே காற்றடைத்து வைத்துச் சுடும் பிசிபி வகையில். ஸ்பிரிங்கில் கனமான பெல்லட் போட்டால் வேகம் குறைந்து ஆற்றல் ஏறக்குறைய அங்கேயே நிற்கும். பிசிபியில் கனமான பெல்லட் போட்டாலே ஆற்றல் கூடும். காற்று வால்வைத் தட்டித் திறக்கும் சுத்தியலின் ஸ்பிரிங்கை முடுக்கினால் இன்னும் கூடும். கடையில் 18 ஜூலாக வாங்கியது வீட்டில் 24 ஆனால், அன்றிலிருந்து அது லைசென்ஸ் இல்லாத ஆயுதம். பிசிபி வாங்குபவர், பெல்லட்டின் வேகத்தை அளக்கும் குரோனோகிராஃபையும் சேர்த்தே வாங்கி, தான் சுடும் மிகக் கனமான பெல்லட்டில் அளந்து பார்க்க வேண்டும்.

பழைய துப்பாக்கி வாங்குவதானால் ஸ்பிரிங் மாற்றியிருக்கிறார்களா என்று கேளுங்கள். மடக்கும்போது கரகரவென்று அரைத்தால் ஸ்பிரிங் வளைந்திருக்கிறது. ஸ்பிரிங், பிஸ்டன் சீல், பின்வாய் சீல் மூன்றும் கடையில் உதிரியாகக் கிடைக்கும் மாடலை மட்டும் எடுங்கள். ஸ்பிரிங்கை மாற்றும் வேலையை அழுத்துக் கருவி உள்ள மெக்கானிக்கிடம் கொடுங்கள். திறந்த நிலையில் டிரிகரை அழுத்திப் பேரல் மேல்நோக்கி வளைந்த துப்பாக்கி என்றால், எவ்வளவு மலிவானாலும் வேண்டாம்.