செவர்லே 3100: பின் ஃபெண்டரை 2 இஞ்ச் அகலப்படுத்தினால் ஓட ஓட என்ன ஆகிறது?

1947 நடுவிலிருந்து 1955 தொடக்கம் வரை வந்த செவர்லே 3100 பிக்கப்பில் பின் சக்கரம் முழுக்கத் தொட்டிக்கு (சரக்கு ஏற்றும் பின்பகுதி) வெளியே நிற்கும். தொட்டியின் பக்கத் தகட்டுக்கும் சக்கரத்தை மூடும் தகடான ஃபெண்டரின் உதட்டுக்கும் (வெளிவிளிம்பு) நடுவே இருக்கிற இடம்தான் டயருக்கு. கம்பெனி கொடுத்த 6.00-16 டயருக்கு அது தாராளம். ரிம்மைச் சரியாகத் தேர்ந்தெடுத்தால் 255/70 ஆர்15 கூட அடங்கிவிடும். 275, 295 மி.மீ. அகல டயர் என்று ஆசைப்படும்போதுதான் ஃபெண்டரில் கை வைக்க வேண்டி வரும். 255 போதும் என்பவர்கள் தகட்டை வெட்டாமல் இருப்பதே நல்லது.

முதலில் முடிவாக வேண்டியது ஆக்ஸில். பழைய டார்க் டியூப் (டிரைவ் ஷாஃப்டை மூடிய குழாய்) ஆக்ஸிலைக் கழற்றிவிட்டு, டிஸ்க் பிரேக்குடன் வந்த 1995-2001 ஃபோர்டு எக்ஸ்ப்ளோரர் ஆக்ஸிலைப் பலர் போடுகிறார்கள். வீல் உட்காரும் முகத்துக்கு முகம் சுமார் 59.5 இஞ்ச். ஒன்றை மறக்கக் கூடாது: பழைய வீல் 5.5 இஞ்ச் வட்டத்தில் 6 போல்ட், எக்ஸ்ப்ளோரர் 4.5 இஞ்ச் வட்டத்தில் 5 போல்ட். முன்பக்க ஹப்பையும் மாற்றவில்லை என்றால் ஸ்பேர் வீல் முன்னுக்கோ பின்னுக்கோ ஒன்றுக்குத்தான் உதவும்.

அடுத்தது பேக்ஸ்பேசிங், அதாவது ரிம்மின் உள்விளிம்பிலிருந்து போல்ட் முகம் வரை உள்ள ஆழம். 8 இஞ்ச் ரிம்மின் மொத்த அகலம் விளிம்போடு சேர்த்து ஏறக்குறைய 9 இஞ்ச். ஆஃப்செட் (போல்ட் முகம் ரிம்மின் நடுவிலிருந்து தள்ளியிருக்கும் தூரம்) பூஜ்யம் என்றால் பேக்ஸ்பேசிங் 4.5. அதே 4.5-ஐ வைத்துக்கொண்டு 10 இஞ்ச் ரிம்முக்குப் போனால், கூடுகிற 2 இஞ்சும் வெளிப்பக்கமே போகும். ஃபெண்டரை 2 இஞ்ச் அகலப்படுத்துகிற கணக்கு இதிலிருந்து வருகிறது. ஆனால் போல்ட் முகம் ரிம்மின் நடுவிலிருந்து 25 மி.மீ. உள்ளே தள்ளிப் போவதால் பேரிங்கில் பாரம் கூடும். லோடு அடிக்கிற வண்டிக்கு இது வேண்டாம்.

வெட்டுவதற்கு முன் தொட்டி, மரத் தரை, ஃபெண்டர் எல்லாம் போல்ட் முறுக்கிய நிலையில் இருக்கட்டும். லீஃப் ஸ்பிரிங்கில் மெயின் பிளேட்டை மட்டும் விட்டு மற்றதை எடுத்துவிட்டு, ஆக்ஸிலை ஜாக்கியால் பம்ப் ஸ்டாப் (ஆக்ஸில் மேலே போவதைத் தடுக்கும் ரப்பர்) தொடும்வரை ஏற்றிப் பாருங்கள். பிறகு ஒரு பக்கம் மட்டும் ஏற்றிப் பாருங்கள். முன்முனை நிலையாகவும் பின்முனை ஷேக்கிளிலும் (ஆடும் இணைப்பு) இருக்கிற ஸ்பிரிங் அமுங்கும்போது நீளும். ஆக்ஸில் கொஞ்சம் பின்னால் போகும். சும்மா நிற்கும்போது நடுவில் தெரிந்த டயர் பள்ளத்தில் இறங்கினதும் பின் உதட்டில் உரசுவது இதனால்தான். உள்பக்கம் தொட்டித் தகட்டுக்கும் வெளிப்பக்கம் உதட்டுக்கும் 20-25 மி.மீ. இடைவெளி வேண்டும்.

ஃபெண்டரை நீளவாக்கில் வெட்டி, நடுவே 2 இஞ்ச் பட்டை வைத்து ஒட்டுவதுதான் வேலை. எங்கே வெட்டுவது என்பதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். வெளிமுதுகில், கண்ணுக்குத் தெரிகிற உச்சி வளைவில் வெட்டினால் தகடு இரண்டு திசையிலும் வளைகிறது. அதற்குள் பட்டை பொருத்துவது பெரிய டிங்கரிங் வேலை. தொட்டியோடு சேரும் ஃபிளாஞ்சை (போல்ட் போடும் மடிப்பு) ஒட்டி, வளைவு தொடங்கும் முன் உள்ள பகுதியில் வெட்டினால் பட்டை ஏறக்குறைய ஒரே திசையில்தான் வளையும்; ரோலரில் விட்டாலே போதும். ஃபிளாஞ்ச் தொட்டியிலேயே போல்ட்டோடு இருக்கட்டும். வெட்டும் முன் ஃபெண்டரின் வெளி ஓட்டின் உள்ளே ஒரு இஞ்ச் சதுர டியூபில் மூன்று நான்கு குறுக்குத் தாங்கல் வைத்து டேக் (சின்னப் புள்ளி வெல்ட்) அடித்துவிடுங்கள். இல்லையென்றால் கடைசி அங்குலத்தை வெட்டும்போது ஓடு விரிந்துகொள்ளும், பழைய வடிவம் திரும்பவே வராது. பட்டைக்கு 18 கேஜ், அதாவது 1.2 மி.மீ. தகடு. இரண்டு முனையிலும் கொஞ்சம் நீளமாக விட்டு, கடைசியில் வெட்டிக்கொள்ளலாம்.

தகட்டை ஒன்றின்மேல் ஒன்று ஏற்றி வெல்ட் அடிப்பது சுலபம்தான், ஆனால் செய்யாதீர்கள். நடுவில் தண்ணீர் தங்கும். இரட்டைத் தகடு வெயிலில் ஒரு மாதிரி, ஒற்றைத் தகடு ஒரு மாதிரி சூடாவதால் ஒரு கோடையிலேயே பெயின்டில் கோடு எழும்பி நிற்கும். விளிம்போடு விளிம்பு சேர்த்து 0.6 மி.மீ. மிக் கம்பியால் ஒரு இஞ்சுக்கு ஒரு டேக் வையுங்கள். பிறகு இடம் மாறி மாறி இடைவெளியை நிரப்புங்கள். கை வைத்துப் பார்த்தால் வெதுவெதுப்பு அடங்கியிருக்க வேண்டும். அதன் பிறகே அடுத்த டேக். வெல்ட் ஆறும்போது சுருங்குவதால்தான் அந்த வரிசை உள்ளே குழியும். கிரைண்டரில் வெல்ட்டைத் தேய்த்தபின் உள்ளே டாலி (தாங்கிப் பிடிக்கும் இரும்புக் கட்டை) பிடித்து, வெல்ட்டின் மேலேயே தட்டி விரித்தால் குழி மேலே வரும். டிக், மிக் என்று வெல்டிங்கில் இரண்டு முறை. டிக் வெல்ட் மெத்தென்று இருக்கும், தட்டினால் வளைந்துகொடுக்கும். மிக் வெல்ட் கெட்டி, பொறுமை வேண்டும்.

ஃபெண்டருக்கு முன்னால் ரன்னிங் போர்டு (கதவுக்குக் கீழே உள்ள படி) இருக்கிறது. ஃபெண்டர் 2 இஞ்ச் வெளியே வந்தால் போர்டைத் தாண்டி மூக்கு நீட்டி நிற்கும். பட்டையை முன்முனையில் பூஜ்யமாகக் குறுக்கினால் தீரும் என்று தோன்றும். ஆனால் அப்போது ஓடு முழுக்கத் திரும்பி, பின்னாலிருந்து பார்க்கும்போது கோணலாகத் தெரியும். போர்டையும் அதே அளவு அகலப்படுத்துவதுதான் ஒழுங்கான வழி.

சில வருடம் ஓடியபின் வண்டிகளில் முதலில் தெரிவது வெல்ட்டின் உள்பக்கத் துரு. வெளியே பளபளவென்று இருக்கும், உள்ளே டயர் வீசிய சேறு வெல்ட்டின் மேட்டில் ஒட்டிக்கொண்டு ஈரம் காயாமல் இருக்கும். உள்பக்கமும் தேய்த்து, எபாக்ஸி பிரைமர் அடித்து, சீம் சீலர் போட்டு, மேலே தொட்டிக்கு அடிக்கிற யூரித்தேன் லைனர் அடித்தால் நன்றாகத் தாங்குகிறது. தாரடிச்ச மாதிரி இருக்கிற பழைய அண்டர்கோட்டிங் ஓரம் பெயர்ந்ததும் தண்ணீரை உள்ளே பிடித்து வைத்துக்கொள்ளும்.

அடுத்து, பட்டையின் கீழ்முனைகளில் விரிசல் வரும். அங்கே தகட்டுக்குப் பிடிமானம் இல்லை, அதிர்வு முழுக்க அந்த வெல்ட் முனையில் விழுகிறது. உள்ளே சின்ன முக்கோணத் தகடு ஒன்று வைத்தால் சரியாகிவிடும். ஃபெண்டரின் பாரம் வெளியே தள்ளிப் போனதால் ஃபிளாஞ்சின் போல்ட் ஓட்டைகளும் விரியும். பெரிய வாஷர் போடுங்கள். பட்டி (பெயின்டுக்கு முன் மேடு பள்ளம் நிரப்பும் பூச்சு) 3 மி.மீ.க்கு மேல் ஏறினால் அந்த இடம் என்றைக்காவது வெடிக்கும்.

ஏற்கெனவே துரு தின்ற ஃபெண்டர் என்றால் வெட்டி ஒட்டுவது வீண் செலவு. அகலமாகவே வருகிற புதிய ஃபெண்டர் கிடைக்கிறது. ஃபைபர் கிளாஸ் விலை குறைவு, துருவும் இல்லை. ஆனால் கல் உள்ளிருந்து அடித்தால் வெளிப் பெயின்டில் நட்சத்திர விரிசல் விழும், போல்ட்டை இறுக்கினால் ஓட்டையைச் சுற்றிப் பிளக்கும். ஸ்பேர் வீலுக்காகப் பள்ளம் வைத்த பழைய இடது ஃபெண்டர் வண்டியில் இருந்தால் மட்டும் அதில் கிரைண்டர் வைக்காதீர்கள். கழற்றிப் பத்திரமாக எடுத்து வைத்துவிட்டு, சாதாரண ஃபெண்டர் ஒன்றை வாங்கி வெட்டுங்கள்.