ஸ்ப்ளிட்டில் மதியச் சாப்பாடு: ரீவாவா, வரோஷா?

குரோஷியாவின் ஸ்ப்ளிட் நகரத்தில் மத்தியானம் பசித்தால் கால் தானாகக் கடலோர நடைபாதையான ரீவாவுக்குத்தான் போகும். ரோமப் பேரரசர் டயோக்ளீஷியன் அரண்மனையின் தெற்குச் சுவர், பனைமரங்கள், எதிரே துறைமுகம், வரிசையாக மேசைகள். அங்கே ஓர் உணவகத்தில் கறுப்பு ரிசோட்டோ வாங்கினேன், பெரிய ஏமாற்றம். கணவாய் மையால் சோறு நன்றாகவே கறுத்திருந்தது, கணவாயின் ருசியைத்தான் காணவில்லை. ரிசோட்டோ கிளறி இறக்கியதும் தட்டுக்கு வரவேண்டிய பண்டம், அரிசியின் நடுவில் கொஞ்சம் விறைப்பு இருக்கவேண்டும். இது எப்போதோ செய்து சூடுகாட்டியது என்பது முதல் வாயிலேயே தெரிந்துவிட்டது. கேட்காமல் வைத்த ரொட்டிக்கும் பில்லில் காசு. பீட்சா, பர்கர், பாஸ்தா, மீன் என்று பக்கம் பக்கமாக மெனு வைத்திருக்கும் சமையலறையில் எது அன்றைக்குச் செய்ததாக இருக்கும்?

அரண்மனைக்கு மேற்கே, மர்யான் குன்றின் அடிவாரத்தில் இருக்கிறது வேலி வரோஷ் என்ற குடியிருப்புப் பகுதி. இங்குள்ள கொனோபாக்களில் (ஊர்க்காரர்கள் சாப்பிடும் சின்னச் சாப்பாட்டுக் கடைகள்) முற்பகலிலேயே மரெண்டா என்ற எளிய சாப்பாடு தொடங்கிவிடும். கரும்பலகையில் நாலைந்து பண்டம் எழுதியிருக்கும், அவ்வளவுதான். எனக்குக் கிடைத்தது பாஷ்டிசாடா: வினிகரில் ஊறிய மாட்டிறைச்சி, உலர்ந்த பிளம் பழம், இனிப்பு வைன் எல்லாம் சேர்ந்து மணிக்கணக்கில் வெந்தது, கூடவே ந்யோக்கி என்ற உருளைக்கிழங்கு மாவுருண்டைகள். நம் மீன்குழம்பு மாதிரி இதுவும் இருக்க இருக்க ருசி ஏறும் பண்டம், அதனால் முன்கூட்டியே செய்துவைத்தாலும் கெடுவதில்லை. ரிசோட்டோவுக்குக் கொடுத்த காசில் பாதிக்குக் கொஞ்சம்தான் கூட ஆனது. கடல் தெரியாது, பெஞ்சில் நெருக்கியடித்து உட்காரவேண்டும், தாமதமாகப் போனால் நல்லதெல்லாம் தீர்ந்திருக்கும். இருந்தாலும் சாப்பாடு என்று வந்தால் என் ஓட்டு வரோஷுக்குத்தான்.

முழு மீன் கேட்பதானால் இரண்டு இடத்திலும் ஒரே எச்சரிக்கை. மெனுவில் போட்டிருப்பது பெரும்பாலும் கிலோ விலை, அடுப்பில் ஏற்றும் முன்பே எடையைக் கேட்டுவிடுங்கள்.

பேக்காவை எல்லாரும் சிபாரிசு செய்வார்கள். மூடிமேல் தணல் போட்டு வேகவைக்கும் இறைச்சியோ ஆக்டோபஸோ அருமையாகத்தான் இருக்கும், ஆனால் முன்கூட்டியே சொல்லிவைக்கவேண்டும், பசியோடு போய் நிற்கிறவர்களுக்கு ஆகாது.

சைவம் சாப்பிடுகிறவர்கள் உணவகமே தேடவேண்டாம். அரண்மனையின் கிழக்குச் சுவரோரம் உள்ள காய்கறிச் சந்தையில் காலையிலேயே சோபார்னிக் கேளுங்கள். பக்கத்துப் பொல்யிட்சா பகுதியின் பண்டம் இது, இரண்டு மெல்லிய மாவுத் தகடுகளுக்கு நடுவே கீரை வைத்துச் சுட்டு, மேலே பூண்டும் ஆலிவ் எண்ணெயும் தடவித் தருவார்கள்.