பழைய வீட்டு நிலவறையைத் திறந்து தந்த குழு: கும்பகோணத்திலிருந்து ஒரு மதிப்பீடு

காவிரிப் படுகையின் பழைய மிராசு வீடுகள் சிலவற்றில் கூடத்துக்கு அடியில் நிலவறை உண்டு. கும்பகோணத்தில் எங்கள் குடும்ப வீட்டிலும் அப்படியொன்று நெடுங்காலமாக மூடிக் கிடந்தது. கூடத்தின் தரையைத் தாங்கும் உத்திரங்களில் கறையான் ஏறியிருக்குமோ என்ற ஐயம் எழுந்ததால், அதைத் திறந்து, ஆள் அச்சமின்றி இறங்கிப் பார்க்கும்படி வழி செய்து தருமாறு உள்ளூர்க் கட்டடப் பராமரிப்புக் குழு ஒன்றிடம் வேலையை ஒப்படைத்தோம்.

நான் மிகவும் மதிப்பது, இறங்குவதற்கு முன்பு அவர்கள் காட்டிய பொறுமையைத்தான். கல் மூடியைக் கடப்பாரையால் நெம்பி விலக்கியதும் ஒருவரையும் குனிந்து பார்க்க விடவில்லை. மட்கிய உமியும் அழுகிய மரமும் மூடிய அறையில் பிராணவாயுவைக் குறைத்துக் கரியமில வாயுவைப் பெருக்கும்; அது காற்றைவிட ஏறத்தாழ ஒன்றரை மடங்கு கனமானது என்பதால் தரைமட்டத்திலேயே தேங்கி நிற்கும். அருகில் சாக்கடைக் கசிவு இருந்தால் ஹைட்ரஜன் சல்பைடும் சேரும். அழுகிய முட்டை நாற்றம் கொண்ட அந்த வாயு, அளவு மிகும்போது மூக்கை மரத்துப்போகச் செய்துவிடும் என்பதால் நாற்றம் இல்லை என்று நம்பி இறங்க முடியாது. குழுவினர் நான்கு வாயுக்களை அளக்கும் கருவியைக் கயிற்றில் கட்டி மேல், நடு, அடி என மூன்று மட்டங்களிலும் நிறுத்தி நிறுத்திப் பார்த்தார்கள். வெளிக்காற்றில் 20.9 சதவீதம் இருக்கும் பிராணவாயு, அடிமட்டத்தில் 19.5 சதவீதத்துக்கும் கீழே காட்டியது. அந்த அளவுக்குக் குறைந்தால் இறங்கக் கூடாது என்று சொல்லி, மின்விசிறியில் பொருத்திய நீண்ட குழாயை அடிவரை விட்டுக் காற்றைச் செலுத்தி, மறுபடியும் அளந்த பிறகே ஒருவரை இறக்கினார்கள்.

நம் பக்கத்தில் கிணற்றிலும் நிலவறையிலும் விளக்கை இறக்கி, அணைகிறதா என்று பார்க்கும் வழக்கம் இன்றும் இருக்கிறது. சுடர் அணைவதற்குப் பிராணவாயு 16 சதவீதம் அளவுக்குக் குறைய வேண்டும். மனிதனுக்கு ஆபத்து அதற்கு முன்பே தொடங்கிவிடுகிறது. நச்சு வாயுவையும் சுடர் காட்டாது; எரியும் வாயு இருந்தால் தீப்பற்றவும் செய்யும். கருவி கொண்டுவராத குழுவை, கூலி குறைவு என்பதற்காக அமர்த்த வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இறங்கியவரின் உடல்வாரில் கட்டிய கயிற்றைப் பிடித்தபடி மேலே ஒருவர் கடைசிவரை இடம் பெயராமல் நின்றார். கீழே மின்கம்பி இழுக்காமல் பேட்டரி விளக்குகளையே பயன்படுத்தினார்கள். கட்டுவிரியன் ஒதுங்கும் இடம் என்பதால் முழங்கால் வரையிலான காலணியும், மூலைகளைத் தட்டிப் பார்க்க நீண்ட கோலும் இருந்தன.

வாயை இரண்டடிச் சதுரமாக ஒழுங்குபடுத்தி, கைப்பிடியுடன் இரும்பு ஏணி பொருத்தி, காற்றுப் போக்குக்காகக் கொல்லைப்புறச் சுவரில் வலை பதித்த இரண்டு துளைகளும் விட்டிருக்கிறார்கள். உத்திரங்களைக் கூரிய கம்பியால் குத்திப் பார்த்ததில் ஒன்றின் முனை மட்டும் பஞ்சுபோல் உள்வாங்கியது. மற்றவை உறுதியாக இருக்கின்றன.

குறை என்றால் பூச்சு வேலைதான். சுண்ணாம்புக் காரையால் கட்டிய சுவரின் விளிம்பில் சிமெண்டைப் பூசிவிட்டார்கள். சிமெண்டுப் பூச்சு சுவரின் ஈரத்தை வெளியேற விடாது. உப்புப் பூத்து, சுற்றியுள்ள செங்கல்லையும் உதிரச் செய்யும். எடுத்துச் சொன்னதும் மறுப்பின்றிக் கொத்தி எடுத்துச் சுண்ணாம்பிலேயே பூசித் தந்தார்கள் என்றாலும், பழைய வீட்டு வேலை என்று தெரிந்தே வந்தவர்களுக்கு இது முதலிலேயே தெரிந்திருக்க வேண்டும். வாயுச் சோதனைக்கான கட்டணத்தை முன்கூட்டியே தனியாகக் குறிப்பிடாததும் சரியன்று. எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

அழைப்பதற்கு ஏற்ற காலம் பங்குனி, சித்திரை மாதங்கள். ஜூன் 12-ஐ ஒட்டி மேட்டூர் அணை திறந்து வாய்க்கால்களில் நீர் வந்துவிட்டால் நிலத்தடி நீர் மட்டம் ஏறத் தொடங்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் நிலவறைத் தரையில் ஊற்றே எடுக்கலாம். அப்போது உத்திரத்தைச் சோதிப்பதும் கடினம், சுண்ணாம்புப் பூச்சு காய்வதும் கடினம்.