கடல்மீன் தொட்டிக்கு ஆறாயிரம் ரூபாய் ஆர்.ஓ.: மூன்று வருட அனுபவம்

"கடல் பக்கத்துலதானே இருக்கு, ரெண்டு கேன் எடுத்துட்டுப் போய் மொண்டுட்டு வர வேண்டியதுதானே?" வேளச்சேரியில் எங்கள் வீட்டுக்கு வந்து தொட்டியைப் பார்க்கிறவர்களில் பாதிப் பேர் இதைக் கேட்டுவிட்டார்கள். பெசன்ட் நகர் பக்கம் அடையாறு எதைக் கொண்டுபோய்க் கடலில் சேர்க்கிறது என்று பார்த்தவர்கள் கேட்க மாட்டார்கள். அப்படியே நல்ல கடல்நீர் கிடைத்தாலும் பிரச்சினை தீராது. தொட்டியிலிருந்து ஆவியாகிப் போவது உப்பில்லாத வெறும் தண்ணீர், அதை உப்பில்லாத தண்ணீரை ஊற்றித்தான் ஈடுகட்ட வேண்டும். என்னுடையது மூன்றடித் தொட்டி, 180 லிட்டர். ஒரு ஜோடி க்ளவுன் மீன், ஒரு க்ளீனர் இறால், கொஞ்சம் பாறை, அவ்வளவுதான். சூடு ஏறாமல் இருக்க மேலே ஃபேன் ஓடுவதால் தினமும் மூன்று லிட்டர் வரை காணாமல் போகும், வாராவாரம் 20 லிட்டர் மாற்றுவேன். ஆக வாரத்துக்குச் சுமார் 40 லிட்டர்.

ஆரம்பத்தில் சமையலறை ஆர்.ஓ. தண்ணீரிலேயே உப்பைக் கலந்தேன். குடிக்கிற தண்ணீர்தானே, மீனுக்கு என்ன ஆகிவிடும் என்ற நினைப்பு. அந்த மெஷினில் டிடிஎஸ் (தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளின் அளவு, லிட்டருக்கு மில்லிகிராம் கணக்கில்) கன்ட்ரோலர் என்று ஒரு திருகு இருக்கிறது, ருசிக்காகச் சுத்தம் செய்யாத தண்ணீரில் கொஞ்சத்தைத் திரும்பக் கலந்துவிடும் வேலை அதனுடையது. மீட்டர் வைத்துப் பார்த்தால் 80. கேன் தண்ணீரும் அந்தக் கதைதான், ஒரு வாரம் 35, அடுத்த வாரம் 70. தண்ணீர் மட்டும்தான் ஆவியாகும், அதோடு வந்த, பாசிக்குத் தீனியாகும் சிலிகேட்டும் நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் தொட்டியிலேயே தங்கிச் சேர்ந்துகொண்டே போகும். மூன்று மாதத்தில் மணல், பாறை, கண்ணாடி எல்லாவற்றிலும் பழுப்புப் பாசி. காலையில் துடைத்தால் சாயங்காலம் திரும்ப வந்துவிடும்.

சரி, உப்பை வடிக்கும் மெம்பிரேனுக்குப் பிறகு, அதைத் தாண்டி வரும் மிச்சத்தையும் பிடித்துக்கொள்ளும் டி.ஐ. (அயனி நீக்கும்) ரெசின் உள்ள யூனிட் வேண்டும் என்று முடிவாயிற்று. வெளிநாட்டு ரெடிமேட் யூனிட்டுக்கு ஒரு கடையில் 18,000 கேட்டார்கள். நான் ஆர்.ஓ. ஸ்பேர் பார்ட்ஸ் விற்கும் கடையில் தனித்தனியாக வாங்கி மாட்டினேன்: ஸ்பன் ஃபில்டர், கார்பன், பூஸ்டர் பம்ப், 75 ஜி.பி.டி. (நாளுக்கு 75 கேலன்) மெம்பிரேன், கடைசியில் பத்து இஞ்ச் பவுலில் நிறம் மாறும் ரெசின், ஒரு டிடிஎஸ் மீட்டர். எல்லாம் சேர்த்து 5,900 ரூபாய். யூ.வி. விளக்கு, மினரல் கேட்ரிட்ஜ், அல்கலைன் கேட்ரிட்ஜ் என்று கடைக்காரர் எதையெதையோ காட்டினார். தொட்டிக்கு இவை எதுவும் வேண்டாம், மினரலை எடுக்கத்தானே இத்தனை பாடு! பூஸ்டர் பம்பில் மட்டும் கஞ்சத்தனம் பார்க்காதீர்கள். மெம்பிரேனுக்கு 50, 60 பி.எஸ்.ஐ. அழுத்தம் வேண்டும், மொட்டைமாடி டேங்கிலிருந்து ஒரு மாடி இறங்கி வரும் தண்ணீருக்கு ஐந்து பி.எஸ்.ஐ. கூட இருக்காது.

நான் செய்த பெரிய தப்பு, முதலில் போர் தண்ணீர்க் குழாயில் இணைத்தது. எங்கள் போர் 1,500 டிடிஎஸ். மெம்பிரேன் 96 சதவீதம் பிடித்தாலும் ரெசினுக்கு 60 போகும். ஆறு வாரத்தில் ரெசின் முழுக்க நிறம் மாறிவிட்டது. ஒரு தடவை நிரப்ப 450 ரூபாய் என்றால் வருஷத்துக்கு என்ன ஆகும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். போதாததற்கு போர் தண்ணீரில் கரைந்திருக்கும் கார்பன் டை ஆக்சைடு மெம்பிரேனைத் தாண்டி நேராக ரெசினுக்குப் போய் அதைத் தின்னும், இது மீட்டரில் தெரியாது. பிறகு குழாயை மெட்ரோ தண்ணீர் (குடிநீர் வாரியத் தண்ணீர்) தொட்டிக்கு மாற்றினேன். அது 300, மெம்பிரேனைத் தாண்டினால் 9. அதே அளவு ரெசின் இப்போது எட்டு ஒன்பது மாதம் வருகிறது. மெட்ரோ தண்ணீரில் குளோரின் உண்டு, அது மெம்பிரேனைக் கெடுக்கும் என்பதால் கார்பனை ஆறு மாதத்துக்கு ஒருமுறை தவறாமல் மாற்றுகிறேன். தென்சென்னைக்கு நெம்மேலியிலிருந்து கடல்நீரை உப்பு நீக்கி 2013 முதல் அனுப்புகிறார்கள். அவர்கள் அங்கே ஆர்.ஓ. போட்டு உப்பை எடுக்கிறார்கள், நான் இங்கே இன்னொரு ஆர்.ஓ. போட்டுவிட்டு லிட்டருக்கு 35 கிராம் உப்பைக் காசு கொடுத்து வாங்கிக் கொட்டுகிறேன். வீட்டில் இதைச் சொல்லிச் சிரிக்காத நாள் கிடையாது.

அப்புறம் மிதவை வால்வு. தொட்டியில் மட்டம் குறைந்தால் தானாக ஆர்.ஓ. தண்ணீர் இறங்குகிற மாதிரி மாட்டிவிட்டு ஊருக்குப் போனேன். வால்வில் ஒரு நத்தை உட்கார்ந்து அதை மூடவிடாமல் செய்துவிட்டது. திரும்பி வந்தபோது தரையெல்லாம் தண்ணீர், 1.025 இருந்த ஒப்படர்த்தி (உப்பு குறைந்தால் இதுவும் குறையும்) 1.018. மீன்கள் எப்படியோ தப்பின, இறால் போய்விட்டது. இப்போது தொட்டியில் இருப்பது இரண்டாவது இறால். தானியங்கி முறையில் இன்னொரு கெடுதலும் உண்டு: யூனிட் நின்று கிளம்பும் ஒவ்வொரு தடவையும் முதல் சில நிமிடம் மெம்பிரேனிலிருந்து வருவது மட்டமான தண்ணீர். என் யூனிட்டில் முதல் ஒரு நிமிடம் 70 வரை காட்டி, பிறகுதான் 9க்கு இறங்கும். அடிக்கடி கிளம்பினால் ரெசின் சீக்கிரம் தீராமல் என்ன செய்யும். அதனால் ஞாயிறு காலையில் ஒரே மூச்சில் மூன்றரை மணி நேரம் ஓட்டி டிரம்மில் பிடித்துவிடுகிறேன், முதல் ஐந்து நிமிடத் தண்ணீர் ரெசினுக்குப் போகாமல் வாளிக்குப் போகும்.

ரெசினைத் தாண்டி வரும் தண்ணீருக்கு மீட்டர் 0 காட்டுகிறதே என்று நிம்மதியாக இருந்து ஒருமுறை ஏமாந்தேன். ரெசின் தீரும் கட்டத்தில் முதலில் நழுவுவது சிலிக்கா. அது மின்சாரத்தை அவ்வளவாகக் கடத்தாது, மீட்டருக்குப் பிடிபடாது. எண் 0, மணலில் பழுப்பு! இப்போது பவுலில் முக்கால்வாசி நிறம் மாறியதும் எண்ணைப் பார்க்காமல் மாற்றிவிடுகிறேன்.

ஒரு லிட்டர் நல்ல தண்ணீருக்கு மூன்று லிட்டர் கழிவு போகிறது. போர் தண்ணீர் நாட்களில் அந்தக் கழிவை ஊற்றிக் கறிவேப்பிலைச் செடி கருகியது, அம்மா இன்னும் மறக்கவில்லை. இப்போது வருவது 400தான், துணி அலசவும் வீடு துடைக்கவும் போகிறது, செடிக்கும் ஊற்றலாம். மூன்று வருடத்தில் அடாப்டர் ஒருமுறை போனது, பம்ப் இன்னும் ஓடுகிறது. மெம்பிரேனுக்குப் பிறகு 9 இருந்தது போன மாதம் 16 ஆகிவிட்டது. மாற்ற வேண்டிய நேரம்தான், 1,200 ரூபாய். தீபாவளி முடியட்டும் என்று தள்ளிப்போட்டிருக்கிறேன்.